புரளி கிளம்பினால் லாரி ஏன் நிற்கிறது? டெல்டாவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலம் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். நெல், உரம், உளுந்து, தேங்காய் எல்லாம் எங்கள் வழியாகப் போகும், வரும். கொஞ்ச காலமாக வாடகை கேட்டு வரும் போனைவிட "அண்ணே, ஒரு மெசேஜ் வந்துச்சு, நெசமா?" என்று கேட்டு வரும் போன்தான் அதிகம். ஒரே சந்தேகத்துக்குப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரு இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

புரளின்னா வாய்ப்பேச்சுதானே அண்ணே, அது ரோட்டையும் ரயிலையும் என்ன பண்ணிடும்?

ரோடும் தண்டவாளமும் அப்படியேதான் இருக்கும். அதில் போகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் நின்றுவிடுவார்கள். பெட்ரோல் பங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் பைக் வைத்திருப்பவர் நூறுக்கும் இருநூறுக்கும் போட்டுக்கொண்டு போவார், டேங்க்கை நிரப்புகிறவர் குறைவு. பங்க்காரரும் அந்தக் கணக்கில்தான் டேங்கர் லோடுக்குச் சொல்லியிருப்பார். "நாளையிலேர்ந்து பெட்ரோல் இல்ல" என்று ஒரு வரி வந்ததும் அத்தனை பேரும் முழு டேங்க் போட்டால், இரண்டு நாள் வரவேண்டிய இருப்பு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் 'ஸ்டாக் இல்லை' போர்டைப் பார்த்து, மெசேஜ் சொன்னது சரிதான் என்று எல்லாரும் சொல்வார்கள்.

2024 ஜனவரி 1, 2 தேதிகளில் இது பல மாநிலங்களில் நடந்தது. விபத்து ஏற்படுத்திவிட்டு நிற்காமல் போகும் ஓட்டுநருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் நிஜம்தான், டேங்கர்கள் நின்றதும் நிஜம்தான். அது எத்தனை நாள் நீடிக்குமோ என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பங்க்குக்குப் போனதால்தான் தட்டுப்பாடு இவ்வளவு சீக்கிரம் வந்தது. சண்டிகரில் பைக்குக்கு 2 லிட்டர், காருக்கு 5 லிட்டர் என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலை.

பொய்னு தெரிஞ்சா யாரும் நம்ப மாட்டாங்களே, அப்புறம் எப்படிப் பாதிக்கும்?

யாரும் நம்பவேண்டிய அவசியமே இல்லை, அதுதான் இதில் ஆபத்தான விஷயம். உங்களுக்கு நம்பிக்கை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் நம்பிவிட்டார், அவர் போய் வாங்கிவிட்டால் உங்களுக்குக் கிடைக்காது. அதனால் நீங்களும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள். உங்களைப் பார்த்து இன்னொருவர் கிளம்புவார்.

2016 நவம்பர் 8-ல் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்றே நாளில், நவம்பர் 11 அன்று, உப்புக்குத் தட்டுப்பாடு, கிலோ 200 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் புரளி கிளம்பியது. ஜனங்கள் இரவில் கடை வாசலில் முட்டி மோதினார்கள். நாட்டில் உப்புக்கு எந்தக் குறையும் இல்லை என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. நமக்கு வேதாரண்யம் கூப்பிடு தூரம், உப்பு மலை மலையாகக் குவிந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். டெல்லியில் ஒரு தெருவில் இருப்பவருக்கு அந்தக் குவியல் தெரியாது, கடையில் இருக்கும் பத்துப் பாக்கெட்டுதான் தெரியும்.

தப்பான செய்தி, பொய்ச் செய்தி, ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. தெரியாமல் தப்பாகச் சொல்வது வேறு, தெரிந்தே ஏமாற்றச் சொல்வது வேறு. ரோட்டில் விளைவு ஒரே மாதிரி இருக்கும், அதனால்தான் குழப்பம்.

நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு 2004 டிசம்பர் 30 மறந்திருக்காது. சுனாமி வந்து நாலாவது நாள். மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள், உடல்களை எடுக்கும் வேலையே முடியவில்லை. அன்றைக்கு மறுபடியும் சுனாமி வரலாம் என்று மத்திய அரசிடமிருந்தே எச்சரிக்கை வந்தது. கரையில் இருந்தவர்கள், நிவாரண வேலை பார்த்தவர்கள், எல்லாரும் ஊருக்குள் ஓடினார்கள், வேலை நின்றுபோனது. அலை வரவில்லை. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சரியாக அலசாத ஒரு தகவல் மேலிடத்திலிருந்து இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

தெரிந்தே கிளப்புகிற பொய்யில், முதலில் கிளப்புகிறவருக்கு மட்டும் அது பொய் என்று தெரியும். பிறகு அனுப்புகிற ஆயிரம் பேர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் அனுப்புவார்கள். அதனால் அனுப்பியவரைத் திட்டாதீர்கள். உங்கள் சித்தப்பா அனுப்பியிருப்பார்.

இதைக் கிளப்பறதுல யாருக்கு என்ன லாபம்?

விலை இறங்கினால் வாங்கலாம் என்று காத்திருப்பவருக்கு லாபம். விலை ஏறினால் விற்கலாம் என்று பதுக்கியவருக்கும் லாபம். வீடியோ பார்க்கிறவர் எண்ணிக்கையில் காசு வருகிறவருக்கு லாபம், அரசியல் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. சில சமயம் யாருக்குமே லாபம் இருக்காது, ஒருவர் பயத்தில் பேசிய பேச்சு குரல் பதிவாக மாறி ஊர் சுற்றும்.

கொள்முதல் நிலையம் வெள்ளிக்கிழமையோட மூடறாங்களாம், வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு. இப்பவே நெல்லை ஏத்திடட்டுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சில வருஷம் முன்னால் தை மாதம், சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்தது. இரவு எட்டரை மணிவாக்கில் இதே மாதிரி ஒரு குரல் பதிவு சுற்றியது. சாக்கு தீர்ந்துவிட்டது, இந்த வெள்ளியோடு சரி, அப்புறம் வந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று. பேசுகிறவர் யார், எந்த நிலையம், எந்த வெள்ளி, ஒன்றும் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு அந்த வழியாகப் போகிறேன், நிலையத்து வாசலிலிருந்து வாய்க்கால் மதகு வரைக்கும் டிராக்டர் டிப்பர் நிற்கிறது. அறுத்த ஈரத்தோடு, ஒரு வெயில்கூடக் காட்டாமல் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மேலே பனி வேறு. ஒரு பெரியவர் நெல் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்தார். விரல் இடுக்கெல்லாம் தூசி ஈரத்தோடு அப்பியிருந்தது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் வைத்தால் 20 சதவீதத்தைத் தாண்டியது, எடுக்க வேண்டியது 17 வரைதான். அவர் பேசவே இல்லை, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு டிப்பர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. உள்ளே எடை போட்டு அடுக்கி வைத்திருந்த மூட்டைகளை ஏற்ற வந்த லாரி, டிராக்டர் வரிசையைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. பழைய மூட்டை நகராததால் புதிய மூட்டை வைக்க இடம் இல்லை. இடம் இல்லாததால் எடை போடுவது நின்றது. மூடப்போகிறார்கள் என்ற புரளியே அந்த நிலையத்தை ஒன்றரை நாள் மூடிவிட்டது. அதற்குள் தூறல் போட்டது. தார்ப்பாய் இல்லாதவர்கள், வழியில் வந்த வியாபாரியிடம் மூட்டைக்கு நூறு இருநூறு குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பதிவை அவர்தான் கிளப்பினார் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. உண்மையில் நடந்தது, சாக்கு லோடு ஒரு நாள் தாமதம், அதுவும் அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது? 2022-லிருந்து கொள்முதல் பருவம் செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31 வரை. நடுவில் 'கொள்முதலே முடிந்தது' என்று யார் சொன்னாலும் சந்தேகப்படுங்கள். குறிப்பிட்ட ஒரு நிலையம் சாக்கு இல்லாமலோ இடம் இல்லாமலோ ஓரிரு நாள் நிற்பது உண்டு, அதை அந்த நிலையத்துப் பட்டியல் எழுத்தரிடமே கேட்கலாம். அவர் எடுக்கவில்லை என்றால் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். இரண்டும் முடியாவிட்டால் ஊரிலிருந்து ஒரு பையனை பைக்கில் அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள். ஐம்பது ரூபாய் பெட்ரோலோடு போகும்.

ஒரு நிலையத்துல நெரிசல்னா பக்கத்து நிலையத்துக்குப் போயிடலாமே, இதுக்கு ஏன் இவ்வளவு கவலை?

அந்த நெரிசல் ஒரு நிலையத்தோடு நிற்பதில்லை. இங்கிருந்து சரக்கு ரயிலில் மற்ற மாவட்டங்களுக்கு அரவைக்கு நெல் போகிறது. 42 வேகன், 2,000 டன் என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 40 கிலோ மூட்டைக் கணக்கில் அது 50,000 மூட்டை, லாரிக்கு 250 மூட்டை என்றால் 200 லோடு. அந்த 200 லோடும் குறித்த நேரத்துக்குள் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தாக வேண்டும், தாமதமானால் ரயில்வேக்கு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கட்ட வேண்டும். முப்பது லாரி எங்கோ டிராக்டருக்குப் பின்னால் நின்றால் லோடுமேன்கள் கூட்ஸ் ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், ரேக் (அந்தச் சரக்கு ரயில்) கிளம்பாது, அதே ரேக் திரும்பி வந்து எடுக்க வேண்டிய அடுத்த லோடும் தள்ளிப்போகும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கூட்ஸ் நேரம் மாறினால் ஊரில் எத்தனை பேர் நேரம் மாறுகிறது என்று.

22 சதவீதம் ஈரம் இருந்தாலும் எடுக்கறாங்களாம், பக்கத்து ஊர்ல எடுத்துட்டாங்களாம்?

இது பாதி உண்மை, முழுப் பொய்யைவிட இதைக் கையாள்வது கஷ்டம். வழக்கமான வரம்பு 17. மழைக் காலத்தில் 22 வரை தளர்த்தச் சொல்லி நம் பக்கம் கோரிக்கை போவது வழக்கம், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் உண்டு, சில வருஷம் கொஞ்சம் தளர்த்தியும் இருக்கிறார்கள். 'கோரிக்கை வைத்தார்கள்' என்ற செய்தி ஊர் வந்து சேரும்போது 'எடுக்கிறார்கள்' என்று ஆகிவிடுகிறது. உத்தரவு வந்துவிட்டதா என்று மட்டும் கேளுங்கள், யாரிடம் கேட்பது என்று மேலே சொல்லியிருக்கிறேன். குழு வந்து பார்த்துவிட்டுப் போனதை உத்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யூரியா வராதாம், ரெண்டு போகத்துக்குச் சேர்த்து வாங்கி வெச்சுக்கட்டுமா?

பெட்ரோல் பங்க் கணக்கேதான் இதுவும். யூரியா ரேக்கில் வந்து இறங்கி, பிரித்து, லாரியில் கடைக்கு வருகிறது. உரத் தட்டுப்பாடு சில சமயம் நிஜமாகவே வரும், அதை மறைக்க வேண்டியதில்லை. நீங்கள் தேவைக்கு மேல் பத்து மூட்டை வாங்கினால் அந்தப் பத்தும் உங்கள் ஊரில் நடவு முடித்து மேலுரத்துக்கு நிற்கும் யாரோ ஒருவருடையது. அடுத்த போகம் வரை வைத்திருந்தால் ஈரம் ஏறிக் கட்டியாகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடத்துல பாலம் இடிஞ்சு விழற வீடியோ வந்திருக்கு. லாரி அணைக்கரைகிட்ட இருக்கு, திருப்பச் சொல்லட்டுமா?

முதலில் டிரைவருக்குப் போன் போடுங்கள், பாலம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். அவர்தான் அங்கே இருக்கிறார்.

2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பகுதி வெள்ளத்தில் இடிந்தது, அதில் அப்போது வண்டிப் போக்குவரத்து கிடையாது, பக்கத்திலேயே புதுப் பாலம் இருந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்தன. இரண்டும் நிஜம், படங்களும் நிஜம். அந்தப் படங்கள் வெள்ளம் வரும் வருஷங்களில் 'இப்போது' என்ற பெயரில் திரும்ப வருகின்றன. பார்க்கும்போது கரையோரக் கடை, மரம், வண்டி, எதையாவது வைத்துத் தேதியைப் பிடிக்கப் பாருங்கள். பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் போதாது.

இன்னொன்று, தண்ணீருக்கு நடை உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். 'மேட்டூரில் இப்போதுதான் திறந்தார்கள், இன்றிரவு பாலம் மூழ்கும்' என்று யாராவது சொன்னால் அந்த நடைக் கணக்கே அதைப் பொய்யாக்கிவிடும். லாரியைத் திருப்புவது சின்ன விஷயமும் இல்லை. சுற்று வழி டீசல், டிரைவர் படி, ரிட்டன் லோடு போனது என்று அந்த ட்ரிப்பே நஷ்டமாகிவிடும்.

நாகப்பட்டினத்துல பத்தாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு வந்தா?

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. 1 என்றால் தூரக் கடலில் தாழ்வு நிலை இருக்கிறது, துறைமுகத்துக்கு உடனே பாதிப்பு இல்லை. 10 என்றால் கடும் புயல் அந்தத் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும், உச்ச எச்சரிக்கை. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள், 10-ஐவிடப் பெரிய புயல் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். 1-ஐ 10 ஆக்க ஒரு பூஜ்யம் போதும். கூண்டு எண்ணை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையிலோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-லோ சரிபாருங்கள். கஜாவைப் பார்த்தவர்கள் நாம். 2018 நவம்பர் 16 வேதாரண்யம் பக்கம் அது கரையேறிய ராத்திரிக்குப் பிறகு, புயல் பேச்சு எதையும் நான் லேசாக எடுப்பதில்லை.

நம்ம ஊர்ல நடவுக்கு வந்த வங்காளப் பசங்க திடீர்னு கிளம்பறேன்னு நிக்கறாங்க. என்ன ஆச்சு?

அவர்கள் போனில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. வேறு எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களால் ரயில் நிரம்பியிருந்த நேரம் அது. அந்தக் கூட்டத்தையே 'பயந்து ஓடுகிறார்கள்' என்று படம் பிடித்துப் போட்டார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து தொழிலாளர்களிடமே பேசிவிட்டுப் போனது, பொய் பரப்பியவர்கள் மேல் வழக்கும் வந்தது.

2012 ஆகஸ்டில் பெங்களூருவிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறியதும் இப்படித்தான். ஒரு போனிலிருந்து மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதை ஐந்தாகக் கட்டுப்படுத்தி அரசு உத்தரவு போட்டது. ஆலையில் மூட்டை தூக்குகிறவர், சேற்றில் நாற்று நடுகிறவர், ரேக்கில் ஏற்றுகிறவர் போய்விட்டால் லாரி இருந்தும் பயன் இல்லை. பயந்தவரிடம் 'அதெல்லாம் பொய்ப்பா' என்று சொன்னால் போதாது. அவர் மொழி தெரிந்த மேஸ்திரியை உட்கார வைத்துப் பேசுங்கள், வீட்டுக்கு வீடியோ கால் போட்டு அவர் அம்மாவிடம் நீங்களே முகத்தைக் காட்டுங்கள். அதற்கு மேலும் போகிறேன் என்றால் கூலியைக் கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள், பிடித்து வைக்காதீர்கள். பிடித்து வைத்தால் அடுத்த வீடியோ உங்கள் களத்திலிருந்து போகும்.

பத்து ரூபா காயின் செல்லாதுன்னு கண்டக்டர் வாங்க மாட்டேங்கறாரு, இதுவும் புரளிதானா?

புரளிதான், பல வருஷமாகச் சாகாமல் இருக்கும் புரளி. அதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வந்திருந்தது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ரூபாய்க் குறியீடு இருக்கிறதா இல்லையா, கோடு பத்தா பதினைந்தா என்று பார்ப்பதெல்லாம் வீண். காலை முதல் ட்ரிப்பில் சில்லறைக்காகத் தகராறு, பஸ் ரெண்டு நிமிஷம் நிற்கும், ஸ்கூல் பிள்ளையை இறக்கிவிடுவார்கள். இதற்கு நான் கோபப்படுவேன். நீங்கள் கடை வைத்திருந்தால் வாங்குங்கள், வாங்கியதை மறுபடி கொடுங்கள். ஒவ்வொரு கடையும் மறுக்கும்போது அந்தப் பொய்க்கு உயிர் கொடுக்கிறோம்.

மேப்புல ரோடு சிவப்பா காட்டுதே, அதையாவது நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். அதையும் ஏமாற்ற முடியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 2020-ல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 செல்போன்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் போட்டு வெறும் ரோட்டில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். கூகுள் மேப்பில் அந்த ரோடு சிவப்பாக மாறியது. 2023 ஆகஸ்டில் போலந்தில் யாரோ ரயில்வே ரேடியோ அலைவரிசையில் நிறுத்தச் சொல்லும் சைகையை ஒலிபரப்பியதில் இருபது ரயில்கள் வரை நின்றன. பழைய ரேடியோ முறை, அதில் பூட்டு எதுவும் இல்லை, சைகை கேட்டால் நிற்கத்தான் வேண்டும். இயந்திரத்துக்கும் வதந்தி உண்டு, டிரைவர் கண்ணுக்கு எதிரே ரோடு காலியாக இருந்தால் அதற்கும் மரியாதை கொடுங்கள்.

ரயில்ல போறப்ப தீன்னு யாராவது கத்தினா இறங்கத்தானே செய்யணும்?

புகையோ சூடோ தெரிந்தால் உடனே வேறு பெட்டிக்கு நகருங்கள். கட்டாயம் இறங்க வேண்டியிருந்தால் அடுத்த தண்டவாளம் இல்லாத பக்கமாக இறங்குங்கள். 2025 ஜனவரி 22, மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் பக்கம் புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீப்பிடித்துவிட்டது என்ற பேச்சில் பதறி இறங்கியவர்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றார்கள். எதிரே வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் மோதிப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். தீயே இல்லை.

வழி தெரியாம ஊருக்குள்ள வந்த லாரியை இளவட்டங்க மறிச்சு வெச்சிருக்காங்க, புள்ளை பிடிக்கிறவங்கன்னு சொல்றாங்க. என்ன செய்ய?

உடனே 112-க்குப் போன் செய்யுங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரை அந்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்து வழி கேட்ட குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்தே போனார். அந்த வருஷம் நாடு முழுக்க இப்படிச் சாவுகள் நடந்த பிறகுதான் வாட்ஸ்ஆப் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. வெளியூர் டிரைவர்கள் இன்னமும் இரவில் வழி கேட்க இறங்கப் பயப்படுகிறார்கள். எங்கள் ஆபீஸில் லோடு இறக்கும் ஊரில் ஒருவர் நம்பரைப் பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

ஃபார்வர்டு பண்ணினதுக்கெல்லாம் கேஸ் போடுவாங்களா?

போடலாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 54: பேரிடர் பற்றிப் பொய்யான பீதி கிளப்பினால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது அபராதம். பாரதிய நியாய சன்ஹிதா 353-வது பிரிவில், மக்களிடம் பயத்தையோ பகையையோ கிளப்பும் பொய்த் தகவலுக்கு மூன்று வருஷம் வரை உண்டு. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட நோக்கம் இல்லாமல் சொன்னவருக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது. "எனக்கும் யாரோ அனுப்பினாங்க" என்பது அந்த நியாயமான காரணம் ஆகிவிடாது.

சரி, நான் ஒண்ணைத் தப்பா அனுப்பிட்டேன். அழிச்சிட்டா போதுமா?

போதாது. பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், அவர்கள் வேறு குழுவுக்கு அனுப்பியதை நீங்கள் அழிக்க முடியாது. அதே குழுவில், 'காலையில் நான் போட்டது தப்பு, இன்ன நிலையத்தில் இன்னாரிடம் கேட்டேன், கொள்முதல் நடக்கிறது' என்று நேரத்தோடு போடுங்கள். மறுப்பைப் போடும்போது பழைய பதிவைத் திரும்ப ஒட்டாதீர்கள், பாதிப் பேர் அதை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள். வாட்ஸ்ஆப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது, அனுப்பியவருக்கும் மூலம் தெரியாது.

ஆபீசருங்க உண்மையை மறைக்கறப்ப, இந்த மாதிரி மெசேஜ்தானே நமக்கு முன்கூட்டியே சொல்லுது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் திருவாரூர் பக்கத்து விவசாயி, அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன தை மாதக் கதையில், சாக்கு லோடு நாளைக்கு வரும் என்று நிலையத்து வாசலில் ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தால் அந்தக் குரல் பதிவு ஒரு டிராக்டரைக்கூட நகர்த்தியிருக்காது. யாரும் சொல்லவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வாய் மூடியிருக்கும் அலுவலகம்தான் புரளிக்குப் பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது, இதைக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன், எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

அதற்காக எல்லா மெசேஜையும் நம்பவும் முடியாது, எல்லாவற்றையும் ஒதுக்கவும் முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று நமக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை, இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை மையமே கிடையாது, ஐதராபாத்தில் அது வந்தது 2007-ல். நாலு நாள் கழித்து வந்த எச்சரிக்கை தப்பு. அந்த 30-ஆம் தேதி கரையிலிருந்து ஓடியவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் முதலில் பிள்ளைகளை நகர்த்துங்கள், அப்புறம் விசாரியுங்கள். நெல், உரம், டீசல் சம்பந்தப்பட்டது என்றால் முதலில் விசாரியுங்கள், அப்புறம் நகர்த்துங்கள். நெல் ஒரு ராத்திரி களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தால் ஒன்றும் ஆகாது, நடுரோட்டில் டிப்பரில் நனைந்தால் முளைத்துவிடும்.

உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது? உங்களை ஏன் நம்பணும்?

எனக்கும் தானாகத் தெரியாது. எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. லாரி போகும் நிலையங்களுக்குக் காலை ஆறரைக்குப் போன் செய்து, சாக்கு இருக்கிறதா, இடம் இருக்கிறதா, எத்தனை வண்டி நிற்கிறது என்று கேட்டு எழுதுகிறேன். பக்கத்தில் கேட்ட நேரம், சொன்னவர் என்ன வேலையில் இருப்பவர் என்பதும் இருக்கும். மத்தியானம் ஒருமுறை மாற்றி எழுதுவேன். போன் கிடைக்காத நிலையத்துக்கு எதிரே கோடு போட்டிருக்கும், அதைப் பற்றி என்னிடம் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். நீங்கள் உங்கள் நிலையத்துக்கு நேரில் போய்ப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், உங்கள் நேரத்தைப் போட்டு எழுதிவிடுகிறேன்.